கோதாவுக்கு வெளியே சாக்ஷி மாலிக்

புது தில்லி: ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக்கில் 2016 ஆகஸ்ட் 17-ம் தேதி மகளிர் 58 கிலோ எடைப் பிரிவில் பதக்கம் பெற்றவர்களுள் இருவருக்கு, பின்னாளில் தத்தம் நாட்டு மல்யுத்த அதிகார மையங்களுடன் மோத நேரிட்டது. ஒருவர் தங்கம் வென்ற ஜப்பானின் கவோரி இச்சோ. மற்றொருவர் வெண்கலம் வென்ற ஹரியாணாவின் சாக்ஷி மாலிக். முன்னவர் மீண்டும் கோதாவில் இறங்கினார். பின்னவர் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார்.

சாக்ஷியின் பதக்கம் எளிதில் கிடைத்ததல்ல. காலிறுதியில் ரஷியாவின் வலேரியா கோப்லோவாவிடம் அவர் தோற்றார். கோப்லோவா இறுதிச் சுற்றுக்கு முன்னேறியதால், மல்யுத்த விதிப்படி சாக்ஷிக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. அதில் முதலில் வீழ்ந்தவர் மங்கோலியாவின் புரெவ்தோர்ஜ் ஓர்கோன். ஆண்டுக்கணக்கில் தோல்வியறியாதிருந்த இச்சோவை அதே ஆண்டு ஜனவரியில் சாய்த்தவர். அடுத்து, கிர்கிஸ்தானின் ஐசுலு டினிபெகோவாவுடன் வெண்கலத்துக்கான போட்டி. முதல் பாதி முடிவில் 0-5 எனப் பின்தங்கியிருந்த சாக்ஷி, கடைசி விநாடிகளில் முந்தி 8-5 என வென்றார். ரியோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை என்ற பெருமையும் அவருக்கே. இந்தியாவில் அப்போது ரக்ஷா பந்தன் நாள் பிறந்திருந்தது.

தந்தை தில்லி போக்குவரத்துக் கழக நடத்துநர். தாய் அங்கன்வாடி மேற்பார்வையாளர். ரோத்தக் மாவட்டத்தின் மோக்ரா கிராமத்தைச் சேர்ந்த இவர், 12 வயதில் ரோத்தக் சோட்டு ராம் மைதானத்தில் ஈஸ்வர் தஹியாவிடம் குஸ்தி கற்கத் தொடங்கினார். பெண்ணுக்கு எதற்குக் குஸ்தி என்ற எதிர்ப்பு, கற்றவரையும் விடவில்லை, கற்பித்தவரையும் விடவில்லை. 2016-ல் கேல் ரத்னா, 2017-ல் பத்மஸ்ரீ ஆகிய விருதுகள் வந்தன. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டிகளில் இளையவரான சோனம் மாலிக்கிடம் தோற்றபோது, அவர் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். ஆனால் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 0-4 எனப் பின்தங்கியிருந்த நிலையில் கனடா வீராங்கனையை மல்லாத்தித் தங்கம் வென்றார்.

அடுத்த மோதலுக்குக் கோதா ஜந்தர் மந்தர். 2023 ஜனவரி 18-ம் தேதி சாக்ஷி, வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர் அங்கு தர்ணாவில் அமர்ந்தனர். இந்திய மல்யுத்த சம்மேளனத் தலைவரும் அப்போதைய பாரதிய ஜனதா எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதைத் தொடக்கம் முதலே மறுத்து வருகிறார். மேரி கோம் தலைமையில் மத்திய அரசு மேற்பார்வைக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை வெளியிடப்படாத நிலையில், ஏப்ரல் 23-ம் தேதி வீராங்கனைகள் மீண்டும் ஜந்தர் மந்தர் வந்தனர். உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பிறகே, ஏப்ரல் 28-ம் தேதி தில்லி காவல்துறை இரு வழக்குகளைப் பதிவு செய்தது. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்கள் துணை நின்றும் முதல் தகவல் அறிக்கைக்கே இந்தப் பாடு என்றால், மாவட்ட அளவில் ஆடும் பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மே 28-ம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், அதை நோக்கிப் பேரணியாகச் சென்ற வீராங்கனைகளைப் போலீஸார் இழுத்துச் சென்று தடுப்புக் காவலில் வைத்தனர். இரண்டு நாள்களில் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் சென்றவர்களை விவசாய சங்கத் தலைவர் நரேஷ் திகாயத் தடுத்துத் திருப்பி அனுப்பினார்.

ஜப்பானில் நடந்தது வேறு. ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ என அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் இச்சோ. தனிநபர் போட்டியில் இதைச் சாதித்த முதல் பெண். பெய்ஜிங்குக்குப் பின் பழைய பயிற்சியாளர் கஸுஹிதோ சகாயேவை விட்டு விலகி டோக்கியோவில் பயிற்சி பெற்றார். சகாயேவோ தேசிய அணியின் பொறுப்பில் இருந்தவர். இச்சோவும் அவருடைய புதிய பயிற்சியாளரும் துன்புறுத்தப்பட்டதாக 2018 ஜனவரியில் வழக்கறிஞர் ஒருவர் பிரதமர் அலுவலகம் சார்ந்த அமைச்சரவை அலுவலகத்தில் புகார் அளித்தார். ஜப்பான் மல்யுத்த சங்கமும் முதலில் மறுக்கவே செய்தது. ஆனால் வெளியார் அடங்கிய வழக்கறிஞர் குழு விசாரித்து, 2010 ஆசியப் போட்டிக்கு இச்சோவைத் தேர்வு செய்யாதது உள்பட நான்கு செயல்கள் அதிகாரத் துன்புறுத்தலே என ஏப்ரலில் அறிவித்தது. சகாயே பதவி விலகினார். அங்கு எழுந்தது பாலியல் புகார் அல்ல. எனவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. எனினும் புகாருக்கும் விசாரணை முடிவுக்கும் இடையே சென்றவை சில மாதங்களே. அந்த ஆண்டே இச்சோ போட்டிக்குத் திரும்பினார். 2019 ஜூலையில் ரிசாகோ கவாயிடம் தோற்று டோக்கியோ வாய்ப்பை இழந்தார். ஆனால் அது மல்யுத்தத்தில் வந்த தோல்வி.

இங்கோ, பதக்கத்துக்குப் பஞ்சமில்லை. புகார் சொல்ல இடமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து, உள்புகார்க் குழுவை முறைப்படி அமைக்காத விளையாட்டு அமைப்புகளுக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் 21-ம் தேதி நடந்த சம்மேளனத் தேர்தலில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமான சஞ்சய் சிங் 40 வாக்குகள் பெற்றார். அனிதா ஷியோரனுக்கு 7. அன்றே தில்லி பிரஸ் கிளப்பில் சாக்ஷி தன் காலணிகளை மேஜை மீது வைத்து, கண்ணீருடன் ஓய்வை அறிவித்தார். மூன்றாம் நாள் சம்மேளனத்தை விளையாட்டு அமைச்சகம் இடைநீக்கம் செய்தது. அவர் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

போராட்டக்காரர்களிடம் குறையே இல்லை எனச் சொல்வதற்கில்லை. தேர்வுப் போட்டியின்றி ஆசியப் போட்டிக்குச் செல்ல வினேஷும் பஜ்ரங்கும் சலுகை பெற்றது போராட்டத்தின் பெயரைக் கெடுத்தது என 2024-ல் சாக்ஷியே சொன்னார். அவ்விருவரும் காங்கிரஸில் சேர்ந்தனர். வினேஷ் ஜுலானா தொகுதி எம்.எல்.ஏ. ஆனார். சாக்ஷி கட்சி அரசியலுக்குச் செல்லவில்லை. பிரிஜ் பூஷணுக்கு 2024 மக்களவைத் தேர்தலில் கட்சி வாய்ப்பளிக்கவில்லை. அவர் மகன் கரண் பூஷண் அதே கைசர்கஞ்சில் நின்று வென்றார்.

2024 மே மாதம், ஐந்து வீராங்கனைகளின் புகார்கள் தொடர்பாக பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டு பதிவு செய்ய தில்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அவர் வழக்கை எதிர்கொண்டார். போக்ஸோ வழக்கை முடித்துக்கொள்ளக் கோரிய காவல்துறை அறிக்கையை 2025 மே மாதம் மற்றொரு நீதிமன்றம் ஏற்றது. அதற்கு முன், மார்ச்சில் சம்மேளனத்தின் மீதான இடைநீக்கமும் விலக்கப்பட்டிருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுத் தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயத்துக்கு வழிசெய்கிறது. அதன் தலைவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவோ உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவோ இருப்பவர், அல்லது இருந்தவர். ஆனால் பாலியல் குற்றம் குறித்துப் புகார் தர ஒரு வீராங்கனை செல்ல வேண்டிய இடம், 2023-ல் இருந்ததுபோலவே, காவல் நிலையம்தான்.