பாக்டீரியாவின் செங்கல்லைப் பிடித்த 'சேறு'!

'மிசிசிப்பி சேறு.' 1950-களில், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வகத்தில் ஒரு மருந்துக்கு இப்படித்தான் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். போர்னியோ காட்டிலிருந்து ஒரு மிஷனரி அனுப்பிய மண்ணில் இருந்த நுண்ணுயிரி கொடுத்த மருந்து அது. சரியாகச் சுத்திகரிக்க முடியாமல், பழுப்பு நிறத்திலேயே இருந்ததால் அந்தப் பெயர். அந்தச் சேறுதான் 1958-ல் அனுமதி பெற்ற வான்கோமைசின். இன்றும் ஐ.சி.யூ-க்களில் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது.

பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. நம் செல்களுக்கு அது கிடையாது. அந்தச் சுவரின் ஒவ்வொரு 'செங்கல்'லிலும் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட வால் தொங்கும். அதன் கடைசி இரண்டும் டி-அலனின். ஒரு நொதி கடைசி அலனினை வெட்டிவிட்டு, பக்கத்துச் செங்கல்லோடு இணைத்துச் சுவரை இறுக்கும்.

பெனிசிலின் இந்த நொதியை முடக்குகிறது. அதாவது, கொத்தனாரின் கையைக் கட்டிப்போடுகிறது. வான்கோமைசின் கொத்தனாரைத் தொடுவதே இல்லை. செங்கல்லின் வால் நுனியைக் கிண்ணம் போலக் கவ்வி, ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கிறது. சுவர் பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடும். ஆனால், மூலக்கூறு பெரியது. வெளிச்சவ்வு கொண்ட 'கிராம் நெகட்டிவ்' பாக்டீரியாக்களுக்குள் நுழைய முடியாது. குடலும் இதை உறிஞ்சாது என்பதால், ரத்தத்தில் தொற்று என்றால் டிரிப்ஸ்தான். அதையும் குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். கிட்னி மீதும் ஒரு கண் தேவை.

செங்கல்லையே மாற்றுவது எந்தக் கிருமிக்கும் சுலபமில்லை. அதனால்தான் சுமார் 30 ஆண்டுகள் எதிர்ப்பு பெரிதாகத் தலைதூக்கவில்லை. 1980-களின் இறுதியில் என்டரோகாக்கஸ் கிருமிகள் அதையும் செய்துவிட்டன. கடைசி அலனினுக்குப் பதில் லாக்டேட். ஐந்தில் ஒரே ஒரு பிணைப்புதான் போனது. ஆனால், பிடிப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்ந்துவிட்டது! இந்த மாற்றத்துக்கான ஜீன்கள் எப்போதும் வேலை செய்வதில்லை, வான்கோமைசின் வந்தால்தான் பல கிருமிகளில் விழித்துக்கொள்கின்றன என்பது இன்னும் வியப்பு.

இதில் மனிதனின் பங்கும் உண்டு. ஐரோப்பாவில் கோழி, பன்றிகள் வேகமாக வளர, வான்கோமைசினின் உறவுக்கார மருந்தான அவோபார்சினைத் தீவனத்தில் கலந்தார்கள். பண்ணைகளிலும் எதிர்ப்புக் கிருமிகள் பெருகின. டென்மார்க் 1995-லும், ஐரோப்பிய ஒன்றியம் 1997-லும் அதைத் தடை செய்தன.

இப்போது மருந்தைத் திருத்தும் முறை. அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் டேல் போகர் குழுவினர், செங்கல்லைக் கவ்வும் இடத்தில் ஓர் ஆக்ஸிஜன் அணுவை நீக்கி, இரண்டு ஹைட்ரஜன்களை வைத்தார்கள். பழைய செங்கல், புதிய செங்கல் இரண்டையும் அது பிடித்தது. வேறு இரண்டு வழிகளிலும் தாக்கும்படி மேலும் மாற்றி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 சுற்று சோதனைக்குப் பிறகும் என்டரோகாக்கஸ் அதற்குப் பணிந்தது. சிக்கல் ஒன்றுதான்: அதைத் தயாரிக்க அப்போது 30 படிகள் தேவைப்பட்டன. அவற்றைக் குறைப்பதே அந்தக் குழுவின் அடுத்த வேலையாக இருந்தது.