உங்களுக்குத் தெரியுமா? கல்லீரலுக்குள் ரோபோ கை!

கல்லீரல் புற்றுக்கட்டியை ரோபோ வைத்து வெட்டி எடுக்கிறாரே சர்ஜன், வெட்டும்போது அவர் நோயாளியைத் தொடுவதே இல்லை! அறையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விரல்களை அசைக்கிறார். அவ்வளவுதான்!

வேலை பார்ப்பது ‘டாவின்சி’ ரோபோ. அதற்குக் கை 4! ஒன்று கேமரா பிடிக்க. மிச்சம் 3 வெட்ட, பிடிக்க, தைக்க!

உள்ளே போகும் கருவியின் தடிமன்? வெறும் 8 மில்லிமீட்டர்!

சர்ஜன் பெட்டியிலிருந்து தலையை எடுத்தாரா? ரோபோ கைகள் அப்படியே நின்றுவிடும்! நம் வீட்டுப் பிள்ளைகளிடம்கூட இந்த மரியாதை கிடையாது!

கையை 3 சென்டிமீட்டர் நகர்த்தினால் உள்ளே 1 சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைத்துக்கொள்ளலாம்! கை நடுக்கமா? அதையும் ரோபோ வடிகட்டிவிடும்!

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு? நம் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் கல்லீரல் வழியாக ஒரு நிமிடத்தில் பாய்வது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர்!

கல்லீரலுக்கு வரும் ரத்தக்குழாய்களைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்தால் ரத்தப்போக்கு அடங்கும் என்று கிளாஸ்கோ டாக்டர் பிரிங்கிள் எழுதினார். ரோபோ சர்ஜன்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். அவர் எழுதிய வருடம் 1908!

இதைக் கேளுங்கள்! கோடாக் கம்பெனி போட்டோ வேலைக்காக உருவாக்கிய ஒரு பச்சைச் சாயம் இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே அதை ஊசியில் ஏற்றிவிடுவார்கள். நல்ல கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். பல புற்றுக்கட்டிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது! ரோபோவின் அகச்சிவப்புக் கேமராவைப் போட்டதும் கட்டி பச்சையாக ஜொலிக்கும். திருடன் தானே டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிற கதை!

கல்லீரல் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 70 சதவீதத்தை வெட்டினாலும் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். அதுவும் சில வாரங்களில்!

சர்ஜன் அதே அறையில் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை! சீனாவில் 5ஜி வழியாக 50 கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒரு கல்லீரல் ஆபரேஷன் நடந்தது. நோயாளி யார் தெரியுமா? பன்றி!

அடுத்தது மனிதர்! நோயாளி பெய்ஜிங்கில். வயது 68. கல்லீரல் புற்று. சர்ஜனோ திபெத்தின் லாசாவில்! இடையில் இருந்தது ஒரு செயற்கைக்கோள். 2025 தொடக்கத்தில் வெளியான செய்தி இது. லாசாவில் அசைந்த விரல், வானத்துக்குப் போய் இறங்கி பெய்ஜிங்கில் கட்டியை வெட்டியது. அந்தச் செயற்கைக்கோள் இருந்த உயரம்? சுமார் 36,000 கிலோமீட்டர்!