மின்னாக்கியின் எல்லையை வகுப்போர்

செம்புக் கம்பிச் சுருளின் நடுவே காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட உண்மை அது. அவ்வுண்மையை ஒரு நகருக்கே ஒளியூட்டும் பொறியாக ஆக்குவது மின்னாக்கியை வடிவமைக்கும் பொறியாளரின் பணி. வடிவமைப்பு என்றதும் உருவம் வரைதலே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவர் முதற்கண் வகுக்க வேண்டுவது எல்லையையே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நீராவியால் இயங்கும் பெரிய மின்னாக்கிகளில் சுழலும் பகுதி பொதுவாக இரு துருவ மின்காந்தமாகும். அது ஒரு முறை சுழன்றால் ஓர் அலைவு உண்டாகும். ஆகவே அது நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டும்.

வேகத்தை மாற்ற இயலாமையால், மிகுந்த மின்சாரம் வேண்டுமாயின் சுழலியைப் பெரிதாக்க வேண்டும். விட்டத்தை இரட்டித்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு மின்சாரம் கிடைக்கும். எஃகு தாங்க வேண்டிய தகைவும் நான்கு மடங்காகும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சுழலியின் விளிம்பில் ஒரு கிலோகிராம் செம்பு, ஏறத்தாழ 5,000 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் வெளியே பாய முயலும். ஆதலின் விட்டம் ஒரு மீட்டரைச் சிறிதே கடந்து நின்றுவிடுகிறது.

நீளத்தைக் கூட்டலாமே எனின், நீண்ட தண்டு தன் எடையால் தொய்யும். சில வேகங்களில் அதிர்வு பெருகும். அவ்வேகங்கள் 3,000-க்கு அருகில் வாராதவாறு கணக்கிடல் வேண்டும். மின்னோட்டத்தைக் கூட்டலாமே எனின், வெப்பம் மிகுந்து கம்பியின் காப்புறை கெடும். அதனாற்றான் பெரிய மின்னாக்கிகளுள் காற்றுக்குப் பதிலாக ஹைட்ரஜன் வாயுவை நிரப்புகின்றனர். அது காற்றினும் ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது. 7 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. ஆயினும் காற்றோடு கலப்பின் வெடிக்கக்கூடியது. எனவே வாயு கசியாமல் அடைக்கும் வழியையும் ஆராய வேண்டியதாகிறது.

சுழலியின் இரு முனைகளிலும் செம்புச் சுருள்கள் சிதறாமல் எஃகு வளையங்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. 18 விழுக்காடு மாங்கனீசும் 5 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகு இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. வலிமையில் அதற்குக் குறைவில்லை. எனினும் ஈரம் பட்டபோது நுண்ணிய வெடிப்புகள் தோன்றி வளர்ந்தன. சில வளையங்கள் உடைந்தும் போயின. பின்னர்க் குரோமியத்தையும் 18 விழுக்காடாக உயர்த்திய எஃகு அதன் இடத்தைப் பெற்றது. விசையைக் கணக்கிட்டவர் ஈரத்தையும் கணக்கிட வேண்டும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

செய்து முடித்த சுழலியைத் தொழிற்சாலையிலேயே நிமிடத்திற்கு 3,600 முறை சுழற்றிச் சோதிப்பர். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினும் தகைவு 44 விழுக்காடு உயரும். அதனைத் தாங்கிய சுழலியே மின்நிலையத்திற்குச் செல்லும். அங்கு அதனருகே மக்கள் நின்று பணி புரிவர். அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பாரடேயின் விதியோடு இக்கணக்கையும் எடுத்துக் காட்டுவராயின், விதியை அறிவதற்கும் அதனை நம்பிப் பொறி செய்வதற்கும் இடையே எத்துணைப் பொறுப்பு உள்ளது என்பதை மாணவர் உணர்வர்.