நோய்களும் இடம்பெயர்கின்றன

ஓக்லண்டில் எம்மவர் கூடுமிடங்களில் சலரோகமும் மாரடைப்பும் 'பணக்கார வியாதி' என்றே பேசப்படுகின்றன. ஊரில் நடந்து திரிந்தோம், இங்கு காரும் இறைச்சியும் வந்தன, நோயும் கூடவே வந்தது, ஆகவே வாயைக் கட்டினால் போதும் என்பது இதன் உட்பொருள். இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி எமது வரலாற்றை மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

இந்தக் கருத்துக்குக் கிட்டிய ஒரு கல்விசார் வடிவமும் உண்டு. எகிப்தில் பிறந்த அப்டெல் ஓம்ரான் 1971இல், சமூகங்கள் மூன்று கட்டங்களைக் கடக்கின்றன என்றார். முதலாவது, கொள்ளைநோயும் பஞ்சமும் நிறைந்த காலம். இரண்டாவது, கொள்ளைநோய்கள் பின்வாங்கும் காலம். மூன்றாவது, உடல் தேய்வதாலும் மனிதர் தாமே உண்டாக்கிக்கொள்வதாலும் வரும் நோய்களின் காலம். தொற்றுநோய்க்குக் குழந்தைகள் பலியாவது குறையும்போது கூடுதலானோர் முதுமைவரை வாழ்கிறார்கள். எனவே இதயநோயும் பாரிசவாதமும் புற்றுநோயும் மரணத்தின் பிரதான காரணங்களாகின்றன.

இலங்கை இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14ஆக வீழ்ந்தது. டி.டி.ரி. தெளித்ததால் மட்டுமா, உணவுப் பங்கீடும் இலவச மருத்துவமும் சேர்ந்ததாலா என்று ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் வாதிட்டனர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. இன்று அங்கு நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்குத் தொற்றாநோய்களே காரணம்.

ஆனால் இந்த ஏணி எல்லோரையும் மேல்நோக்கி மட்டும் கொண்டுசெல்லவில்லை. இதே இலங்கையில் 1990இலிருந்து வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருளிலிருந்து மருந்துவகைகள்வரை கட்டுப்படுத்தப்பட்டன. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் பரவின. யுத்தம் ஒரு மக்கள் கூட்டத்தை முதற் கட்டத்தை நோக்கித் தள்ளியது. நான் வாழும் ஓக்லண்டிலோ கட்டங்கள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. செல்வந்த நாடுகளில் அநேகமாக மறைந்துவிட்ட வாதக்காய்ச்சல், தெற்கு ஓக்லண்டின் நெரிசலான வீடுகளில் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளின் இதய வால்வுகளை இன்னும் பழுதாக்குகிறது. 'வளர்ந்த சமூகம்' என்பது சராசரியில் மட்டுமே இருக்கிறது.

இடம்பெயர்ந்தோரின் நிலை இன்னும் சிக்கலானது. 1966இல் வீசிய சூறாவளிக்குப் பின் ரொக்கெலாவ் தீவுகளிலிருந்து பலர் நியூசிலாந்தில் குடியேற்றப்பட்டனர். வைத்தியர் இயன் பிரையரும் அவரது சகாக்களும் தீவில் தங்கியோரையும் இங்கு வந்தோரையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வந்தோரிடம் உடல் எடையும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடியிருந்தன. பரம்பரை ஒன்றே, மாறியது வாழ்நிலை. அச்சமூகம் பல தலைமுறைகளில் கடந்திருக்கக்கூடிய தூரத்தை அவர்கள் ஒரே ஆயுளில் கடந்தார்கள்.

பிறப்புக்கு முந்திய வாழ்நிலையும் இதில் சேரும். 1944-45இல் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரின் உடல், நடுவயதில் சீனியைக் கையாளச் சிரமப்பட்டது ஆய்வுகளில் தெரியவந்தது. ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் லிகின்ஸ் நிறுவகத்தைச் சேர்ந்த பீற்றர் குளுக்மன் போன்றோர் இதற்குத் தரும் விளக்கம் 'பொருத்தமின்மை' என்பது. பற்றாக்குறையை எதிர்பார்த்து உருவான உடல் மிகுதியைச் சந்திக்கும்போது நோய்வாய்ப்படுகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கருவிலிருந்த எமது பிள்ளைகள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். இத்தர்க்கம் அவர்களுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அப்படியாயின் இது பணக்கார வியாதியல்ல. பட்டினியின் பிற்காலக் கணக்கு.

இந்தக் கணக்குப் புள்ளிவிபரங்களில் இலகுவில் தென்படாது. நியூசிலாந்தில் 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் சீனரும் கொரியரும் நாமும் அடக்கம். அப்பெட்டியின் சராசரி ஆயுள் நாட்டிலேயே அதிகம். தென்னாசியரின் இதயநோயும் நீரிழிவும் அதற்குள் மறைந்துபோகின்றன. எனினும் 2018இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டி வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. இதயநோய் அபாய மதிப்பீட்டைப் பொதுவாக ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 55 வயதில் தொடங்கச் சொல்லும் அது, மாவோரி, பசிபிக், தென்னாசிய மக்களுக்கு முறையே 30, 40 என்கிறது. இலங்கையரும் இதில் அடங்குவர்.

முப்பது வயது இளைஞனுக்கு இதைச் சொல்வது யார்? எமது சங்கங்கள் முதியோருக்கு யோகாசன வகுப்பு நடத்துகின்றன. நல்லதே. ஆனால் இரவு வேலைக்குப் போகும், இரண்டு குடும்பம் ஒரு வீட்டில் வாழும் இளையோரை 'வாயைக் கட்டு' என்ற உபதேசம் எட்டாது. நோயைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாகப் பார்க்கும்வரை வீட்டையும் வேலைநேரத்தையும் புள்ளிவிபரப் பெட்டியையும் பற்றி நாம் கேள்வி எழுப்பப் போவதில்லை. யுத்தம் எமது உடல்களில் எழுதியதை யுத்தத்தின் பெயராலேயே வாசிக்க நாம் தயாரா? இதுபற்றிய மாற்றுக் கருத்துகளை இப்பக்கங்களில் எதிர்பார்க்கிறேன்.