பசைக்கும் ஆயுள் உண்டு

செங்கற்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் முன்னாளில் கட்டுமரங்களே மிகுதி. அவை கயிற்றால் பிணைக்கப்பட்டவை. கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். மாற்றிக் கட்டிவிட்டுக் கடலுக்குச் செல்லலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஃபைபர் படகுகள் பெருகின. இவற்றில் கண்ணாடி நாரை இறுகப் பிடித்து நிற்பது ரெசின் என்னும் பிசினே. அதன் வலுக்குறைவு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆதலின், டப்பாவின்மேல் அச்சிட்ட தேதியை மதித்தல் இன்றியமையாதது.

தேதி எதற்கு?

படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின், டப்பாவில் இருக்கும்பொழுதே மெல்ல மெல்ல இறுகும் இயல்புடையது. அதனைத் தடுக்கும் பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். நாளடைவில் அதுவும் தீர்ந்துவிடும். 25 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத நிழலில் வைத்தால் சாதாரண ரெசின் ஏறக்குறைய 6 மாதம் கெடாதிருக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய மாறுதலின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ்க் கிடக்கும் டப்பா, தேதிக்கு முன்னரே கெட்டுவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

சோதிப்பது எப்படி?

கூழ்போல் இறுகிய ரெசினை விலக்கிவிட வேண்டும். அதனை மீட்பதாக எண்ணி வினையூக்கியை அளவுக்கு மீறிச் சேர்த்தால், ஒட்டிய இடம் சூடேறி வெடிப்புக் காணும். வினையூக்கியையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலத்தல் ஒருபோதும் கூடாது, தீப்பற்றி வெடிக்கும்.

தேதி நெருங்கிய ரெசின் தெளிவாயிருந்தால், சிறிதளவை உரிய விகிதத்தில் கலந்து, உப்புத்தாளால் தேய்த்த இரு பழைய ஃபைபர்த் துண்டுகளை ஒட்டுக. மறுநாள் பிரித்துப் பார்க்கையில் வழவழவென்று கழன்று வந்தால் அது பயனற்றது. தேதி கடந்ததாயின், சோதனையில் தேறினும், படகின் அடிப்பாகத்திற்கு இடலாகாது. மீன்பெட்டி மூடி போன்ற சிறு வேலைகளுக்குக் கொள்ளலாம்.

மற்றப் பசைகள்

தச்சர்கள் முன்பு வச்சிரத்தை வேண்டும்பொழுது காய்ச்சிக்கொண்டனர். இன்றைய வெள்ளைப் பசை புளித்து நாறினாலோ, கட்டி கட்டியானாலோ, நீர்விட்டுக் கலக்குவது வீண். கல்லை ஒட்ட உதவும் எபாக்சியின் ரெசின் பகுதி சீனிபோல் உறைந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மூடியபடியே வெந்நீரில் வைத்தால் தெளிந்துவிடும்.

செய்யத்தக்கவை

தேவைக்கேற்பச் சிறு டப்பாக்களாக வாங்குக. வாங்கும்பொழுதே தேதியைப் பார்க்க. திறந்த நாளை டப்பாவின்மேல் எழுதுக. முன்பு வாங்கியதை முதலில் செலவிடுக. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் காற்றோட்டமான நிழலறை ஒன்றை இதற்கென ஒதுக்கினால் ஊருக்கே நன்மை விளையும். பழைய ரெசின் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, நடுக்கடலில் விரிசல் காண்பது சிக்கனமாகாது.