மூழ்குபவரைக் காப்பது யார் கடமை?

ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை தத்தளிக்கிறது. இறங்கினால் உங்கள் ஆடை சேறாகும். அதற்காகப் பேசாமல் போய்விடுவீர்களா? ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972இல் கூறிய எடுத்துக்காட்டு இது. பெரிய இழப்பின்றித் தீங்கைத் தடுக்க முடியுமானால், முன்பின் அறியாதவருக்கும் உதவுவது நம் கடமை என்பது அவர் வாதம்.

குளம் ஆழமானது, உங்களுக்கு நீந்தத் தெரியாது. அப்போது? குதிப்பது கடமையன்று. மூழ்குபவர் மூச்சுக்குத் தவித்து, கைக்கு அகப்பட்டவரை இறுகப் பற்றிக்கொள்வார். இருவருமே மூழ்க நேரிடும். ஜெர்மனியில் ஆபத்திலிருப்பவருக்கு உதவாமலிருப்பது குற்றம். எனினும், தனக்குப் பெரும் ஆபத்தை வருவித்துக்கொண்டு உதவ வேண்டுமென அச்சட்டமும் கேட்பதில்லை.

அதற்காகக் கைகட்டி நிற்கலாமா? கூடாது. உரக்கக் கூவி ஆள் சேருங்கள். கரையில் படுத்தபடி நீண்ட கழியை நீட்டுங்கள். கயிறோ, முறுக்கிய வேட்டியோ வீசுங்கள். இறுக மூடிய 5 லிட்டர் காலிக் கேன்கூட நீரில் ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும். நீரில் உடலின் எடை பெரும்பாலும் குறைந்துவிடுவதால், முகத்தை மேலே நிறுத்த இதுவே பேருதவியாகும்.

நீச்சலும் முதலுதவியும் முறையாகப் பயிலுங்கள். நீங்கள் உதவக்கூடிய எல்லை அப்போது விரியும்.