உடம்பு தேறும்வரை சம்பளம் யார் தருவார்?

1987-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளி, ஆபரேஷனுக்குப் போகும் முன் டாக்டர்களிடம் விநோதமான கோரிக்கை ஒன்றை வைத்தார். அவருக்கு வந்திருந்தது குடல் அடைப்பு. வயிற்றைத் திறக்கும்போது குடல்வாலையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தார்கள். அதன் பிறகு, தனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருப்பதாகத் தன் அணிக்குச் சொல்லி அனுப்பினார். குடல் அடைப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த நோயாளி கிரெக் லெமாண்ட். 1986-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தை எடுத்தது அதுவே முதல் முறை. அப்பேர்ப்பட்டவர் ஏன் மறைக்க வேண்டும்? குடல்வால் என்றால் சில வாரங்களில் ஆள் எழுந்துவிடுவார் என்று அணி நிம்மதியாக இருக்கும். சில மாதங்களுக்கு முன் குண்டடி பட்ட உடம்பு இன்னும் ஆறவில்லை என்று தெரிந்தால் கழற்றிவிட்டுவிடுவார்கள் என்று பயந்தார். காயத்திலிருந்து மீண்ட வீரர்களின் கதைகளை மன உறுதியின் கதைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். சைக்கிள் பந்தயத்தில் அதோடு சேர்ந்து வேறொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, அதுவரை ஸ்பான்சர் பொறுத்திருப்பாரா என்பதுதான் அந்தக் கணக்கு.

குண்டடி பட்டது அந்த ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி. பந்தயத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்ட லெமாண்ட், ஆறும்வரை இருக்கலாம் என்று கலிபோர்னியா வந்திருந்தார். லிங்கன் என்ற ஊர்ப் பக்கம், உறவினரின் பண்ணையில் வான்கோழி வேட்டைக்குப் போனார்கள். புதர்களுக்குள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். சலசலப்பு கேட்டு மைத்துனர் சுட்டார். புதருக்கு அந்தப் பக்கம் இருந்தது லெமாண்ட். சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் முதுகிலும் விலாவிலும் பாய்ந்தன. ஒரு நுரையீரல் சுருங்கிப்போனது. உடம்பிலிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த போலீஸ் ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தார். எடுக்க முடியாத இடங்களில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளை உள்ளேயே விட்டுத் தைத்தார்கள். அவற்றில் சில இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் இருந்தன.

இத்தனைக்கும் பிறகு அவரை வாட்டிய கவலை வேலை போய்விடுமோ என்பது. சைக்கிள் அணி எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தப் பயம் புரியும். ஐபிஎல் அணிக்கு டிக்கெட் வசூல் உண்டு, ஒளிபரப்பு உரிமைப் பணத்தில் பங்கும் உண்டு. சைக்கிள் பந்தயம் நடப்பதோ பொதுச் சாலையில். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் காலையிலிருந்து இடம் பிடித்துக் காத்து நிற்கும் கூட்டத்திடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஒளிபரப்புப் பணம் பந்தயத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது; டூரைப் பொறுத்தவரை அது ஏ.எஸ்.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனம். அணிகளின் வரவில் மிகப் பெரும்பகுதி ஸ்பான்சர் தரும் பணம்தான். அதனால்தான் கம்பெனியின் பெயரே அணியின் பெயராக இருக்கிறது. கம்பெனி கைவிட்டு வேறு ஆளும் கிடைக்காவிட்டால் அணியே கலைந்துவிடும். வீரர்களோடு மெக்கானிக், மசாஜ் செய்பவர், பஸ் ஓட்டுபவர் எல்லோரும் வேறு வேலை தேட வேண்டும்.

ஸ்பான்சர் காசு கொடுத்து வாங்குவது, தன் பெயர் டிவியில் தெரியும் நேரத்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரின் ஜெர்சியை எந்தக் கேமராவும் காட்டாது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. சைக்கிள், டயர் தயாரிக்கும் கம்பெனிகளே அணி வைத்திருந்தன. போருக்குப் பிந்தைய இத்தாலியில் ஸ்கூட்டரும் காரும் பெருகப் பெருக அந்தக் கம்பெனிகளின் கைவசம் பணம் குறைந்தது. 1954-ல் ஃபியரென்சோ மாக்னி என்ற வீரர் சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத நிவியா கிரீம் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்றைய ஏற்பாட்டுக்கு வழி திறந்தது அதுதான். இதே மாக்னி 1956 ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில் விழுந்து இடது தோள்பட்டைக் காறை எலும்பை முறித்துக்கொண்டார். மேட்டில் ஏறும்போது ஹேண்டில்பாரை இழுக்க அந்தக் கைக்கு வலுவில்லை. மெக்கானிக் ஒரு சைக்கிள் டியூபை வெட்டி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார். மறுமுனையைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே மாக்னி மிதித்தார். மறுபடியும் விழுந்து மேற்கை எலும்பும் முறிந்தது. விலகவில்லை, அந்த ஜிரோவில் அவர் இரண்டாமிடம். பல்லில் டியூபோடு இருக்கும் அந்தப் புகைப்படத்தை வீரத்தின் சின்னமாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், எலும்பு முறிந்த ஆளை யாராவது வண்டியிலிருந்து இறக்கியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது.

லெமாண்டிடம் வருவோம். 1985-ல் அவரை லா வீ கிளேர் அணிக்கு இழுத்தவர் பெர்னார் தாபி என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர். லா வீ கிளேர் என்பது இயற்கை உணவுக் கடைகளின் பெயர். மூன்று ஆண்டுகளுக்குப் பத்து லட்சம் டாலர். சைக்கிள் உலகம் அதுவரை கேள்விப்படாத தொகை. அந்த மூன்றாம் ஆண்டில்தான் குண்டடி. 1988-ல் ஆடியோ, வீடியோ டேப் தயாரித்த பிடிஎம் கம்பெனியின் டச்சு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்த முறை காலில் தசைநாண் பிரச்சினை, இன்னொரு ஆபரேஷன். டூர் மறுபடியும் கைவிட்டுப் போனது. அணியோடு உறவும் கசந்தது. டிசம்பர் 31 அன்று, பிடிஎம்மோடு இன்னொரு ஆண்டுக்குக் கட்டுப்பட வேண்டிய கெடு முடிய சில மணி நேரமே இருக்கும்போது, ஏடிஆர் என்ற பெல்ஜிய அணியோடு ஒப்பந்தம் முடிவானது.

ஏடிஆர் என்பது வண்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனி. கையில் காசு ஓட்டம் இல்லை. சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அக்ரிஜெல் என்ற துணை ஸ்பான்சர் வந்து சேர்ந்ததும்தான் டூரில் இறங்கவே வழி கிடைத்தது. மலையேற்றத்தில் லெமாண்டோடு கூடவே வந்து காற்றை மறைத்துக் கொடுக்க அந்த அணியில் ஆள் இல்லை. ஆனாலும் பெரிய அணிகள் எதுவும் நம்பத் தயாராக இல்லாத ஒரு ஆளுக்கு அதுதான் ஒரு ஜெர்சி கொடுத்தது.

1989 வசந்த காலம் மோசமாகப் போனது. ஜிரோவில் மலை வரும்போதெல்லாம் பின்தங்கினார். ரத்தசோகை இருப்பது தெரிந்து இரும்புச்சத்து ஊசி போட்டார்கள். விட்டுவிடலாம் என்று மனைவியிடம் பேசும் அளவுக்கு நொந்திருந்தவர், ஜிரோவின் கடைசி நாளில் ஃபுளோரன்ஸில் முடிந்த டைம் ட்ரையலில் இரண்டாவதாக வந்தார். ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளம்பி, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம் அது. அந்த ஜிரோவை வென்ற லோரான் ஃபின்யோனையே அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தியிருந்தார்.

அடுத்த மாதம் டூர். முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி இந்த இருவருக்கும் இடையே மாறி மாறிப் போனது. கடைசி நாளான ஜூலை 23 அன்று மிச்சம் இருந்தது வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல். ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையில் இருந்தார். இவ்வளவு குறுகிய தூரத்தில் அதைப் பிடிக்க முடியாது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

லெமாண்டின் ஹேண்டில்பாரில் நடுவிலிருந்து முன்னால் நீண்ட யு வடிவக் குழாய் ஒன்று இருந்தது. முழங்கைகளை உள்ளே ஒடுக்கி வைத்து, கைகளை முன்னால் சேர்த்து, தலையைத் தாழ்த்திக்கொள்ளலாம். நெஞ்சில் மோதும் காற்று குறையும். பனிச்சறுக்குப் பயிற்சியாளராக இருந்த பூன் லென்னன் உருவாக்கி, ஸ்காட் கம்பெனி விற்ற பொருள் அது. டிரையத்லான் வீரர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பியப் பழம்பெரும் அணிகள் சட்டை செய்யவில்லை. லெமாண்டின் தலையில் பின்பக்கம் கூம்பிய ஹெல்மெட். ஃபின்யோன் சாதாரண ஹேண்டில்பாரில், ஹெல்மெட் இல்லாமல், குதிரைவால் காற்றில் பறக்க வந்தார். சீட் உரசி உண்டான புண் வேறு அவரை வதைத்துக்கொண்டிருந்தது.

வழியில் என் நேரத்தைச் சொல்லாதீர்கள் என்று பின்னால் வந்த காரில் இருந்தவர்களிடம் லெமாண்ட் சொல்லிவிட்டார். 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். சராசரி மணிக்கு 54.5 கிலோமீட்டர். ஃபின்யோனுக்கு 58 வினாடி கூடுதலாகப் பிடித்தது. 3,285 கிலோமீட்டர் ஓடிய பந்தயம் 8 வினாடியில் முடிவானது. டூர் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளியில் யாரும் வென்றதில்லை. அந்த ஹேண்டில்பாரை அதற்குப் பிறகு யாரும் அலட்சியம் செய்யவில்லை. ஜெர்சியில் பெயர் போடும் கம்பெனிகளைவிட, பொருள் கொடுக்கும் கம்பெனிகளுக்கு மீண்டு வரும் வீரர் மேல் ஆர்வம் அதிகம் என்று நினைக்கிறேன். இழக்க எதுவும் இல்லாதவர்தான் புதிய பொருளைத் துணிந்து மாட்டிக்கொள்வார்.

ஆகஸ்டில் பிரான்சின் ஷாம்பெரியில் கொட்டும் மழையில் உலக சாம்பியன் பட்டமும் வந்தது. இப்போது ஸ்பான்சர்கள் வரிசை கட்டினார்கள். குழந்தைகள் உடை தயாரிக்கும் பிரெஞ்சுக் கம்பெனியான ‘ஸெட்’ மூன்று ஆண்டுகளுக்கு 55 லட்சம் டாலருக்கு அவரை எடுத்தது. அந்த ஜெர்சியில்தான் 1990 டூரையும் வென்றார். அந்தப் பணம் அவர் உழைப்புக்குத் தகுந்ததுதான். ஆனால் தேதிகளைப் பாருங்கள். மீண்டு வந்துவிட்டார் என்று ஊரே பார்த்த பிறகு வந்த பணம் அது. மீள்வாரா என்று தெரியாமல் கிடந்த இரண்டு ஆண்டுகளில் அவருக்குத் தேவைப்பட்டது பொறுமை. அதை விற்க யாரும் இல்லை. 1994-ல் அவர் ஓய்வை அறிவித்தபோது தசைகளைப் பலவீனமாக்கும் ஒரு நோயைக் காரணமாகச் சொன்னார்; உடம்பில் தங்கிய ஈயத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நம்பினார்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உலக சைக்கிள் சங்கமான யுசிஐ குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. அணிகள் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். முதல்முறை தொழில்முறைக்கு வரும் இளம் வீரருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கட்டாயம். பெண்களின் முதல்நிலை அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வந்ததே 2020-ல்தான். இன்னொரு பக்கம் நெருக்கடி கூடியும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் சேர்த்த புள்ளிகளை வைத்து எந்த அணிகள் முதல்நிலையில் நீடிக்கும் என்று முடிவு செய்கிறார்கள். படுத்திருப்பவர் புள்ளி சேர்க்க முடியாது. ஓராண்டு ஒப்பந்தத்தில், தலைவருக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்து ஓட்டும் வீரர் வசந்த காலத்தில் தொடை எலும்பை முறித்துக்கொண்டால், இலையுதிர் காலத்தில் அவருக்காகப் பேச அவர் கையில் எந்தப் பந்தய முடிவும் இருக்காது. நமக்கு அவர் பெயர்கூடத் தெரிய வராது.

நட்சத்திரங்களுக்குக் கிடைக்கும் நீண்ட ஒப்பந்தமும் எப்போதும் பலன் தருவதில்லை. நான்கு முறை டூர் வென்ற கிறிஸ் ஃபுரூம், 2019 ஜூனில் பிரான்சின் ரோவான் நகரில் பந்தயப் பாதையைப் பார்வையிட ஓட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் மோதித் தொடை, முழங்கை, விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். பின்னர் இஸ்ரேல் அணி அவரைப் பெரும் தொகைக்கு நீண்ட ஒப்பந்தத்தில் எடுத்தது. அங்கே அவர் ஒரு பந்தயமும் வெல்லவில்லை. கொடுத்த காசுக்குப் பலன் இல்லை என்று அணியின் உரிமையாளர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். இது நியாயமில்லை. நொறுங்கிய தொடையோடு இருந்தவர் என்று தெரிந்துதான் வாங்கினார்கள். அவர் பெயர் கொண்டுவந்த விளம்பரத்தையும் அனுபவித்தார்கள்.

கொலம்பியாவின் ஏகன் பெர்னாலுக்கு அமைந்தது வேறு மாதிரி. 22 வயதில் 2019 டூரை வென்ற இவர், 2022 ஜனவரி 24 அன்று பொகோட்டா அருகே பயிற்சியில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பின்புறம் மோதினார். முதுகெலும்பு, தொடை, விலா என்று ஏறக்குறைய இருபது எலும்புகள் முறிந்தன. அதற்குச் சில நாட்கள் முன்புதான், இனியோஸ் என்ற ரசாயன நிறுவனத்தின் அணியோடு 2026 வரை நீளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டிருந்தது. எட்டு மாதத்துக்குள் பந்தயத்துக்குத் திரும்பினார். ஆனால் பழைய பெர்னால் திரும்பவில்லை. 2023 டூரில் 36-ஆம் இடம், 2024-ல் 29. ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இந்த எண்களோடு அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். 2025 ஜிரோவில் ஏழாவதாக வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்பெயினின் வுயெல்டா பந்தயத்தில் ஒரு நாள் கட்டத்தை வென்றார். டூர், ஜிரோ, வுயெல்டா என்ற மூன்று பெரிய பந்தயங்களில் விபத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. அந்த ஒப்பந்தத்தில் அப்போதும் ஒரு சீசன் மீதி இருந்தது.